வெளியே தூங்கும் பிள்ளைகள்

என் தம்பியின் பிள்ளைகளை நான் தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் என்றால் அரசாங்கச் சட்டம் இல்லை. தத்தெடுக்கப்போகிறவர்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்துகிறார்கள், அங்கே சொல்லிக்கொடுத்தது. முதல் ஒரு வருடத்துக்கு ஊட்டுவது, தூக்குவது, அழுதால் சமாதானம் செய்வது எல்லாம் தாயும் தகப்பனும் மட்டும். ஆளாளுக்குக் கொஞ்சினால் தன் ஆள் யார் என்று பிள்ளைக்கு விளங்காமல் போய்விடுமாம். நியாயம்தான். ஆனால் விமான நிலையத்தில் கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றவள் நான். எனக்குக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்?

வடகோடியில், கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். தம்பி ஸ்டைனார் சால்மன் மீன் வளர்ப்புப் பண்ணையில் படகு ஓட்டுகிறான். அவன் மனைவி தூரில் பாலத்துக்கு அந்தப் பக்கம் கம்பளி நூல் கடை வைத்திருக்கிறாள். வருஷக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஒரு செப்டம்பரில் கொலம்பியாவிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா ஒருத்தி, தம்பி ஒருவன், இரண்டு பேரையும் சேர்த்து எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். தூரில் தொலைபேசியைக் கீழே வைக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். இருவரும் புறப்பட்டுப் போய் ஐந்து வாரம் அங்கே இருந்துவிட்டு, அக்டோபர் கடைசியில் பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள்.

பெண்ணின் பெயர் யுரானி. ஏழு வயது, ஆனால் எங்கள் ஊர் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம்தான். இடுப்பில் தம்பி துவான் உட்கார்ந்திருந்தான். இரண்டு வயது, நல்ல கொழுகொழுப் பையன். தூரில் அவனை வாங்கக் கை நீட்டினாள். யுரானி மரியாதையாகச் சிரித்தாள், தலையை ஆட்டினாள், தம்பியை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அந்த ஐந்து வாரமும் இதே கதைதானாம்.

வீட்டில் இரண்டு அறைகள் தயார் செய்திருந்தார்கள். எங்கள் ஊரில் பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் மரியாதை தனி அறைதான். ஸ்டைனார் ஒரு கோடை முழுக்கப் பெயின்ட் அடித்தான். அவளுக்கு மஞ்சள், அவனுக்குப் பச்சை. முதல் இரவே யுரானி தன் மெத்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தம்பியின் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் போட்டுவிட்டாள். கதவைத் திறந்தால் அவள் தலையில் இடிக்கும். அவளுக்குத் தெரியாமல் யாரும் உள்ளே போக முடியாது. மஞ்சள் அறை இன்றுவரை துணி தேய்க்கும் அறையாகத்தான் இருக்கிறது.

அவனுக்கு எல்லாமே அவள்தான். சாப்பாட்டை முதலில் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்ப்பாள். குளிக்கும் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்ப்பாள். அவன் தின்று முடித்த பிறகு, மிச்சத்தையும் வழித்துத் தின்றுவிட்டு, கடைசியில் தன் தட்டுக்கு வருவாள். தூரில் எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். வருஷக்கணக்கில் ஏங்கியவளுக்கு ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடக்கூட முறை வரவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அந்தப் பெண்ணைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. சட்டம் வேறு இருந்ததால் என்னால் இருவருக்கும் உதவ முடியவில்லை.

நவம்பரில் விக்டிஸ் வந்தாள். தத்துக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ள நகராட்சி வைத்திருக்கும் ஆலோசகர். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே யுரானியைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அதுவே ஒரு குழந்தை. தாய் வேலை பாத்துப் பாத்து ஓய்ஞ்சுபோன குழந்தை. அந்தச் சுமையை அவ தோள்லேர்ந்து எறக்கிவைங்க. தம்பியை நீங்க எடுத்துக்குங்க. அவளை வெளையாட விடுங்க."

"அவ விடமாட்டேங்கிறாளே," என்றாள் தூரில்.

"மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். பெரியவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா தானா விட்டுடுவா."

தூரில் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பின்னல் வேலையில் ஒரு கண்ணி தவறினால் முழுச் சட்டையையும் பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னுகிற ஜாதி. மறுநாளே தொடங்கிவிட்டாள். ஊட்டுவது தூரில், குளிப்பாட்டுவது தூரில், சட்டை மாட்டுவது ஸ்டைனார். யுரானி பக்கத்தில் வந்தால், அன்பாக, சிரித்த முகத்தோடு, "நீ போய் வெளையாடு கண்ணு." எங்கள் மொழியில் அந்தப் பெண் முதலில் சுத்தமாகக் கற்றுக்கொண்ட வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆச்சரியம் என்னவென்றால் அவள் சண்டை போடவில்லை. ஒதுங்கிக்கொண்டாள். ஆனால் உட்காரவும் இல்லை. மேஜையைச் சுற்றி நடப்பாள். ஜன்னலுக்குப் போவாள், வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பாள், திரும்ப மேஜைக்கு வருவாள். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சட்டென்று தரையில் குந்தி, ஸ்டைனார் வாங்கிக்கொடுத்த மரக்கட்டைகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவாள். பார்த்த ஆள் திரும்பியதும் எழுந்துவிடுவாள். தூரில் ஊட்டும்போது அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள். கரண்டி துவானின் வாய்க்குப் போகும்போது இவள் வாயும் தானாகத் திறக்கும். சூரியன் தலைகாட்டாத மாதங்கள் வேறு. எனக்கே அந்த மாதங்களில் வீட்டுக்குள் கால் தரிக்காது. அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் இரண்டு மடங்காகிவிடும்.

டிசம்பரில் ஒருநாள் கடைக்குப் போய்த் தூரிலிடம் வாய்விட்டேன். என் பெயர் ஓசெ, நகராட்சியின் பனி வாரும் லாரி ஓட்டுகிறேன். கடையின் பின்கட்டு வரை வாரிக்கொடுத்துவிட்டு, காபி குடிக்க உள்ளே போவது வழக்கம்.

"அவ கையில இருந்த வேலையப் பிடுங்கிட்டு, போய் வெளையாடுன்னா எதை வெளையாடுவா?" என்றேன்.

"அவளுக்கு ஏழு வயசு, ஓசெ. ஏழு வயசுல நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"உன் புருஷன வளத்துக்கிட்டிருந்தேன்."

"அதான் அவன் இந்த லட்சணத்துல இருக்கான்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிவதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. கையில் இருந்த நூல்கண்டைப் பிசைந்துகொண்டே பேசினாள்.

"விழுந்தா அவளே எழுந்திருச்சு அவளே தட்டிவிட்டுக்கிறா. காய்ச்சல் வந்தா சொல்றதில்ல, தொட்டுப் பாத்தாத்தான் தெரியுது. சோறு போட்டா நன்றி சொல்றா. நான் என்ன ஹோட்டலா நடத்துறேன்?"

"கொஞ்ச நாள் போகட்டும்."

"நான் அவளுக்கு வேண்டாம், ஓசெ. அவ தம்பிக்கு ஒரு எடம் வேணும், அதுக்காக என்னைச் சகிச்சுக்கிறா. அவ்வளவுதான். பெரியவளானதும் அவனத் தூக்கிக்கிட்டுப் போயிடுவா. போனா நான் எதைச் சொல்லித் தடுப்பேன்?"

எனக்குப் பதில் இல்லாதபோது நான் சத்தமாகப் பேசுவேன். பின்கட்டுக் கதவைப் பூட்டிவைக்கக் கூடாதா, கரடி வந்து நூலைத் தின்றுவிடும் என்று ஏதோ கத்திவிட்டு வந்தேன். எங்கள் ஊரில் யார் பின்கதவைப் பூட்டுகிறார்கள்?

ஜனவரி பிறந்ததும் துவானைப் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். யுரானியின் பள்ளிக்கும் அதற்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று தூரில் நகராட்சியோடு மல்லுக்கு நின்று வாங்கிய இடம். முதல் சில நாட்கள் தூரிலும் அவனோடு உட்கார்ந்திருந்துவிட்டு, மதியத்துக்கு முன்னால் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவாள். பிறகு ஒரு வியாழக்கிழமை, முதல் தடவையாக, முழு நாளுக்கு விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள்.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் பகலில் வெளியேதான் தூங்கும். நான் தூங்கினேன், ஸ்டைனார் தூங்கினான், எங்கள் அப்பன் பாட்டன் எல்லோரும் தூங்கினார்கள். ஆட்டுத்தோல் பைக்குள் கழுத்துவரை செருகி, தள்ளுவண்டியில் படுக்கவைத்து, மேல்மூடியை இழுத்துவிட்டு, பனி விழாத சுவரோரமாக வரிசையாக நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் உள்ளே காபி குடிக்கப் போய்விடுவார்கள். குளிரில் பிள்ளை அடித்துப்போட்டது போல் தூங்கும். இதில் யாருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அதனால்தான் யாரும் சொல்லவில்லை. உறைந்த கடல் மேல் நடக்காதே, இரும்புக் கம்பியில் நாக்கை வைக்காதே, இருட்டில் மினுங்கும் பட்டை இல்லாமல் ரோட்டுக்குப் போகாதே என்று யுரானிக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டிலும் துவானை வெளியே படுக்கவைத்ததில்லை. வெயில் நாட்டுப் பிள்ளை, குளிர் பழகட்டும் என்று விட்டிருந்தார்கள். இங்கே பிள்ளைகள் வெளியே தூங்கும் என்ற ஒன்றை மட்டும் அவளிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று நடந்தது பிறகு ஒவ்வொருவராகச் சொல்லி எனக்குத் தெரிய வந்தது. மதிய இடைவேளையில் யுரானி வேலியோரம் வந்திருக்கிறாள். சுவரோரத்தில் தள்ளுவண்டி வரிசையைப் பார்த்திருக்கிறாள். பெரியவர்கள் யாரும் இல்லை. ஒரு வண்டியில் தம்பியின் நீலத் தொப்பி. வேலி ஏறிக் குதித்தாள். முற்றத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சிவப்புப் பிளாஸ்டிக் சறுக்குவண்டி ஒன்று கிடந்தது, முன்னால் கயிறு கட்டியது. பையோடு சேர்த்துத் தம்பியை அதில் இறக்கி, தன் கழுத்துத் துண்டால் கட்டினாள். அவன் விழிக்கவே இல்லை. வாசல் தாழ்ப்பாள் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். அவளுக்கு எட்டியது.

ஊரில் யாராவது தடுத்தார்களா என்றால், தடுக்கவில்லை. ஏன் தடுப்பார்கள்? அக்கா தம்பியைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துப்போவதைவிடச் சாதாரணமான காட்சி எங்கள் ஊரில் கிடையாது. பார்த்தவர்கள் எல்லாம் கையாட்டினார்கள். பாதிரியாரின் மனைவி ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, அதற்குள் எவ்வளவு அழகாக நம் ஊர்ப் பிள்ளையாகிவிட்டாள் என்று கண் கலங்கியிருக்கிறாள். மளிகைக் கடை யூஸ்டெயின் வெளியே வந்து, சூரியன் திரும்பி வரும் நாளுக்காகச் சுட்ட பன் இரண்டை அவள் கையில் கொடுத்தே அனுப்பியிருக்கிறான். அவள் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாளாம். நன்றி சொல்ல அவளுக்கு எப்போதும் மறக்காது.

பாலர் பள்ளியில் தள்ளுவண்டி காலியாக இருப்பதைக் கண்டு, உள்ளே தேடி, கழிப்பறையில் தேடி, பிறகு பக்கத்துப் பள்ளியில் அக்காவையும் காணவில்லை என்று தெரிந்தபோது நன்றாக நேரமாகிவிட்டிருந்தது. தூரிலுக்குப் போன் போனது. அவள் கடையைப் பூட்டிவிட்டுக் காரில் பறந்தாள். என் லாரி ரேடியோவில் காவல் அதிகாரி ஹால்வாரின் குரல் வந்தது. எல்லா வண்டிகளும் ரோட்டோரம் பார்த்துக்கொண்டு வாருங்கள், ஒரு சிறுமி, இரண்டு வயதுப் பையன், சிவப்புச் சறுக்குவண்டி என்றான். நான் பள்ளி வாசலுக்குப் போனபோது தூரில் தொப்பி இல்லாமல் நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். காரை எங்கே விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கதவைத் திறந்து ஏற்றிக்கொண்டேன்.

"படகுத்துறைக்குப் போ," என்றாள்.

"ஏன் படகுத்துறை?"

"ஊருக்குப் போறா, ஓசெ. வேற எங்க போவா? படகு, இல்லேன்னா பஸ், இல்லேன்னா விமான நிலையம். வந்த வழியாப் போறா."

படகுத்துறையில் இல்லை. பஸ் நிறுத்தத்தில் இல்லை. விமான நிலைய ரோட்டில் மீட்புக் குழு ஆட்கள் ஏற்கெனவே இரண்டு பக்கமும் குச்சியால் பனியைக் குத்திக்கொண்டு போனார்கள். அடியில் யாரும் புதைந்திருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். ரோடு முழுக்க நான் காலையில் வாரித் தள்ளிய பனிதான் மதில்போல் நின்றது. மணி இரண்டு தாண்டியதும் இருட்ட ஆரம்பித்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி இறங்கிவிட்டது. கடலோரத்துப் பனிப்பாளத்தை இரண்டு பேர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டைனார் படகைத் திருப்பிவிட்டான் என்று ரேடியோ சொன்னது.

தூரில் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தாள்.

"காலையில தலை வாரிவிட்டேன். நன்றின்னு சொன்னா. சொல்லும்போதே முடிவு பண்ணியிருப்பா. பையன என்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டுப் போகணும்னு காத்துக்கிட்டே இருந்திருக்கா. நான் அவன அவகிட்டேர்ந்து பிரிச்சேன்ல? அதுக்குத்தான். என்னைப் பிடிக்கலேன்னா என்னை உதைக்கலாமே, கடிக்கலாமே. இந்தக் குளிர்லயா போகணும்?"

"அழாம ரோட்டப் பாரு," என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீ கண்ணாடியப் பாத்துக்கிட்டிருக்க. ரோட்டப் பாரு."

நான் அப்படித்தான். பயந்தால் வாய் நீளும்.

ரோட்டை விட்டு இறங்கும் பள்ளத்துப் பாதைக்குள் லாரி போகாது, இறங்கி நடந்துதான் தேட வேண்டும். என் டார்ச்சில் பேட்டரி செத்திருந்தது. தூரில் தன் கடையில் பெரிய டார்ச் இருப்பதாகச் சொன்னாள். பாலத்தைத் தாண்டி, கடைக்கு முன்னால் லாரியைத் திருப்ப இடமில்லாமல் பின்கட்டுக்கு விட்டேன். முன்விளக்கு வெளிச்சம் பின்கதவில் விழுந்தது. கதவோரத்தில், சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைத்த சிவப்புச் சறுக்குவண்டி.

இருவரும் குதித்து இறங்கினோம். ஊர் முழுக்க, கடல் முழுக்கத் தேடியாகிவிட்டது. தூரிலின் கடைக்குள் மட்டும் யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண் தன்னைத் தேடி வருவாள் என்பது தூரிலின் மண்டையில் ஒரு கணமும் ஏறவில்லை. என் மண்டையிலும்தான் ஏறவில்லை.

உள்ளே விளக்கு எரிந்தது. நூல் மூட்டைகளுக்கு நடுவில் துவான் உட்கார்ந்து, முகமெல்லாம் சர்க்கரையாகப் பன் தின்றுகொண்டிருந்தான். அவன் ஆட்டுத்தோல் பை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கடைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருக்கும் பூட்டிய கதவின் முன்னால் யுரானி நின்றிருந்தாள். கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த முகம் மாறியதே, அதை எப்படிச் சொல்வேன்? மூன்று மாதமாக மரியாதையாகச் சிரித்த முகம் அது. இப்போது கோபத்தில் கோணிக்கொண்டது.

"எங்க போன?" என்று கத்தினாள். "கூப்பிட்டேன், கூப்பிட்டேன், நீ இல்ல! கதவு பூட்டி! நீ இங்கதானே இருப்ப? ஏன் இல்ல?"

ஓடிவந்து தூரிலின் வயிற்றில் இரண்டு முஷ்டியாலும் குத்தினாள். நல்ல பலமான குத்து. தூரில் குத்தை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"உன்னைத் தேடித்தான் போனேன், கண்ணு," என்றாள்.

"நான் இங்க இருக்கேன்! நீ ஏன் அங்க தேடற?"

பிறகு அழுகைக்கு நடுவில், பாதி எங்கள் மொழியிலும் பாதி அவள் மொழியிலுமாகக் கொட்டினாள். தூரில் மாலை வகுப்புக்குப் போய் அந்த மொழியைக் கற்றிருந்தாள். எனக்கும் ஓரளவு புரிந்தது.

"அவங்க துவானக் குடுக்கப் போறாங்க. நீ வா. வந்து வேணாம்னு சொல்லு. சீக்கிரம் வா, கார் வந்துடும்."

"யாரு குடுக்கப் போறாங்க? எந்தக் கார்?"

"ஸ்கூல் பொம்பளைங்க. நல்லாச் சுத்தி, வெளிய வரிசையா போட்டுட்டாங்க. அவங்க எல்லாம் உள்ள போயிட்டாங்க. நம்ம வீட்ல மாதிரி. அங்க பெரிய வீட்ல."

தூரிலின் முகம் வெளுத்துப்போனது. கொலம்பியாவில் பிள்ளைகள் இருந்த இல்லத்தைத்தான் அவள் பெரிய வீடு என்றாள். அங்கே தத்துக் கொடுக்கிற நாளன்று காலையில், போகப்போகிற பிள்ளைகளுக்குக் கனத்த உடை மாட்டி, சின்னதுகளைச் சால்வையில் சுற்றி, முற்றத்துப் பெஞ்சில் வரிசையாக வைத்துவிடுவார்களாம். மற்றப் பிள்ளைகள் அழக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் உள்ளே இருப்பார்கள். கார் வரும். காரில் ஏறிய பிள்ளை திரும்பாது. தூரிலே அந்தப் பெஞ்சிலிருந்துதான் இந்த இரண்டையும் கூட்டிவந்தாள். அந்தப் பெஞ்சைத் தன் கண்ணால் பார்த்தவள் அவள்.

யுரானி அதோடு நிறுத்தவில்லை. தூரிலின் கோட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் ஊட்டல. குளிப்பாட்டல. நீ வெளையாடுன்ன, நான் வெளையாடினேன். தெனம் வெளையாடினேன். கட்டை அடுக்கினேன். நீ பாத்தல்ல? எல்லாம் நீ சொன்ன மாதிரி பண்ணினேன். அப்புறமும் ஏன் குடுக்கறீங்க?"

மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, யாராவது பார்த்தால் மட்டும் குந்தி உட்கார்ந்து கட்டை அடுக்கினாளே, அது விளையாட்டு இல்லை. தம்பியை வைத்துக்கொள்ள அவள் தினமும் கட்டிய வாடகை. நான் ஒரு நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரி, லாரி ஓட்டுகிறவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

தூரில் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கோட்டில் இருந்த பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர்.

"யாரும் அவனக் குடுக்கல," என்றாள். "கேளு. இந்த ஊர்ல சின்னப் பசங்க பகல்ல வெளியதான் தூங்குவாங்க. எல்லாப் பசங்களும். தூங்கி எழுந்ததும் உள்ள தூக்கிட்டுப் போயிடுவாங்க. உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

"வெளியவா? குளிர்லயா?"

"குளிர்லதான். அப்பாவும் அப்படித்தான் தூங்கினாரு. ஓசெ அத்தைகூட அப்படித்தான்."

யுரானி திரும்பி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். என் பருமனுக்கு எந்தத் தள்ளுவண்டி தாங்கும் என்று அவளுக்குச் சந்தேகம். அதைச் சொல்லவும் செய்தாள்.

"இவங்க உள்ள போவாங்களா?"

"அப்ப ஒல்லியா இருந்தேன்டி," என்றேன்.

அவள் நம்பவில்லை. நம்பாத முகத்தோடு தூரிலிடம் திரும்பினாள்.

"அவனுக்கு நீ ஊட்டலாம்," என்றாள் தூரில். "நீயும் ஊட்டு, நானும் ஊட்டறேன். நீ வெளையாடலேன்னாலும் யாரும் அவனக் குடுக்க மாட்டாங்க. நீ அடம் பிடிச்சாலும் குடுக்க மாட்டாங்க. இப்பக் குத்தின மாதிரி தெனம் என்னைக் குத்தினாலும் குடுக்க மாட்டேன்."

யுரானி அசையாமல் கேட்டாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடு போட்டிருந்தது. பெரியவர்கள் சொல்கிறதை எத்தனை முறை நம்பிக் கெட்டிருப்பாளோ, ஒவ்வொரு சொல்லாக எடை போடுவது தெரிந்தது.

"நாளைக்கு?" என்றாள்.

"நாளைக்கும் குடுக்க மாட்டோம்."

"சனிக்கிழமை?"

"குடுக்க மாட்டோம்."

"ஞாயிறு?"

"மாட்டோம்."

வெளியே லாரியில் ரேடியோ ஓயாமல் இரைந்தது. ஹால்வார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஊரே பனியில் நிற்கிறது, ஸ்டைனார் கடலில் என்ன பாடு படுகிறானோ, நான் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். கதவு வரை போனேன். அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே நின்றேன்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். பள்ளியில் கற்ற கிழமைகளை ஒன்று விடாமல் கேட்டாள். தூரில் ஒன்று விடாமல் பதில் சொன்னாள். எல்லாக் கிழமையும் தீர்ந்ததும் யுரானி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். துவான் பன்னை நீட்டினான், அவள் கவனிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, நாங்கள் அதுவரை அவளிடம் கேட்காத ஒரு குரலில், மறுபடி ஆரம்பித்தாள்.

"என்னை?" என்றாள். "என்னை, நாளைக்கு?"

"உன்னையும் குடுக்க மாட்டேன்."

"சனிக்கிழமை?"